முன் பிரேக்

நான் விழுந்ததற்கு அந்த டிராக்டர் காரணம் இல்லை. அது என்மேல் மோதவில்லை, உரசவில்லை, வழியை மறிக்கவும் இல்லை. 2022 டிசம்பரில், வெள்ளாற்றங்கரையிலிருந்து வயல்பக்கம் இறங்கும் கிராவல் பாதையில், இடப்பக்கத் திருப்பத்தில் நான் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். முன்சக்கரம் வழுக்கியது, விழுந்தேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் சேத்தியாத்தோப்பில் என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரும்பு டிராக்டர் இடித்து உரக்கடைக்காரர் கையை உடைத்துக்கொண்டார் என்பார்கள். கை உடையக்கூட இல்லை, முழங்கையில் தையல்தான். கதை அப்படி வளர்ந்தது. வளர்த்தவன் நான்.

எனக்குக் குறுக்குரோட்டுக்குப் பக்கத்தில் உரக்கடை. யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ், பூச்சிமருந்து, பருவத்தில் விதைநெல். காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி எழுந்திருக்கிற பிழைப்பு. நாற்பதைத் தாண்டியதும் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி, தினமும் நடக்கச் சொன்னார். கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊரில் சர்க்கரைக்குப் பயந்து நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் "என்னா, சுகரா?" என்று கேட்பார்கள். சைக்கிளில் போனால் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அதுவும் சாதாரண சைக்கிள் இல்லை. புதுச்சேரியில் போய் மலைச் சைக்கிள் வாங்கினேன். 27.5 அங்குலச் சக்கரம், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், முன்னால் ஷாக் அப்சார்பர். விலையை வீட்டில் பாதியாகச் சொன்னேன். அது தனிக்கணக்கு, இங்கே வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. மலை என்று கண்ணுக்குத் தெரிவது நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேடுதான், அதில் ஏற யாரும் நம்மை விட மாட்டார்கள். மற்றபடி தட்டைக்காடு. வயல், வாய்க்கால், மறுபடி வயல். மேடு வேண்டுமென்றால் கரைதான். வெள்ளாற்றங்கரை, வாய்க்கால் கரை, தெற்கே போனால் வீராணத்தின் நீண்ட ஏரிக்கரை. 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையில் வருவது அந்தக் கரையில்தான். அந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு அதே கரையில் சைக்கிள் விடுகிற நடுவயதுக்காரர்கள் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருவன் மட்டும் இல்லை. குதிரைக்குத் திருப்பத்தில் எங்கே கால் வைப்பது என்று தெரியும். மேலே இருப்பவன் கனவு கண்டாலும் அது பார்த்துக்கொள்ளும். சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை.

அமெரிக்காவில் இந்த வகைச் சைக்கிள் பிறந்ததே பிரேக் தகராறில்தான். 1976இல் கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்துக் குன்றில், பழைய தடித்த டயர் சைக்கிள்களை மேலே கொண்டுபோய், மண்பாதையில் யார் வேகமாகக் கீழே வருகிறார்கள் என்று பார்க்கும் போட்டியைத் தொடங்கினார்கள். பின்சக்கர அச்சுக்குள் இருந்த பிரேக், இறக்கம் முழுக்கப் பிடித்துப் பிடித்துச் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரித்துப் புது கிரீஸ் வைத்தாக வேண்டும். அந்தக் குன்றுப்பாதைக்கு 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை', என்று பேர் வந்ததே அதனால்தான். அவர்களுடைய பிரேக் அவர்களைக் கைவிட்டது. என்னுடைய பிரேக் நான் சொன்னதைத் துல்லியமாகச் செய்தது. என் கேடே அதுதான்.

அன்று மார்கழிக் காலை. சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரம், கரும்பு வெட்டும் தொடங்கிவிட்டது. பனி முழுதாகக் கலையவில்லை. அணைக்கட்டுப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் பலமாகக் கேட்டது. கரைமேல் ஓட்டிவந்து அந்தச் சரிவில் இறங்கினேன். சரிவு இடப்பக்கமாக வளையும். வளைவின் உள்பக்கம் நாணல் அடர்ந்திருப்பதால் கீழே என்ன வருகிறது என்று தெரியாது. கெட்டித்தரைமேல் ஜல்லி கலந்த செம்மண் உதிரியாகக் கிடக்கும், மழைக்காலம் முடிந்தால் அது இன்னும் கூடுதல். வழக்கத்தைவிட வேகமாக வந்துவிட்டேன். ஏன் வேகமாக வந்தேன் என்றால், கரைமேல் பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் நின்று என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழுந்து எழுந்து உட்கார்ந்தபோது கீழே, ஒரு தென்னைமரத்துக்கும் அப்பால், டிராக்டர் நின்றிருந்தது. இரண்டு டிரெய்லர் நிறையக் கரும்பு. டிரைவர்தான் ஓடிவந்து என்னைத் தூக்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முழங்கையில் சுற்றினார். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ரத்தத்தைப் பார்த்தார்கள், டிராக்டரைப் பார்த்தார்கள். "டிராக்டர்காரன் அடிச்சிட்டானா?" என்று ஒருவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பொய் அங்கே தொடங்கியது, என் வாயைத் திறக்காமலே. வலி பொறுக்காமல் பேசவில்லை என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் கேட்கிற அளவுக்குப் பேச முடிந்தது, அதை மட்டும் சொல்ல முடியவில்லையா? ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது மனைவி கேட்டாள், தலையாட்டினேன். சாயங்காலம் கடைக்கு வந்தவர்களிடம் வாய்விட்டுச் சொன்னேன். ஹாரன் அடிக்காமல் ஏறிவந்தான் என்றேன். பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு வந்தான் என்றேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் டிராக்டர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி என் பக்கத்தில் வந்தது.

அந்த டிரைவர் என் கடையின் பழைய வாடிக்கையாளர். என்னைவிட மூத்தவர், 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். கொஞ்சம் குத்தகை நிலமும் வைத்திருந்தார், உரம் எங்கள் கடையில்தான் கடனுக்கு. கைரேகை வைக்கிற மெஷின் வந்தபிறகும் கடன் நோட்டு ஒழியவில்லை. ரேகை சர்க்காருக்கு, நோட்டு எங்களுக்கு. என் மச்சான், மனைவியின் தம்பி, விவரம் கேட்டுக் கொதித்துப்போய் அவரைக் கடைக்கு வரச் சொன்னான். வந்தார். மச்சான் அவரை ஒருமையில் பேசினான். அவர் வயதில் பாதிகூட இல்லாதவன். நான் தடுக்கவில்லை.

"நான் கீழயே நிறுத்திட்டேன் தம்பி" என்றார் அவர், என்னைப் பார்த்து. ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை என்றதும் அவருடைய பார்வை என்னைத் தாண்டிப் பின்னால் போனது. எனக்குப் பின்னால் யூரியா மூட்டைகள் அடுக்கியிருந்தன. அந்த வாரம் வட்டாரத்தில் யூரியாவுக்குத் தட்டுப்பாடு, லோடு வந்திருந்தது என் கடைக்குத்தான். அவர் மூட்டைகளைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் பேசவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவு 3,200 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 பைசா. பன்னிரண்டு மூட்டைக்குக் கிட்டத்தட்ட அதே தொகை. கையில் காசு இல்லை என்றார். மச்சான் நோட்டை எடுத்து அவர் பக்கத்தில் எழுதினான். என்னவென்று எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "மருத்துவம்னு போடு" என்றேன். அந்த நோட்டில் உரம், மருந்து, விதை தவிர வேறு வார்த்தை வந்தது அந்த ஒரு வரியில்தான். 'மருந்து' என்று போட்டிருந்தால் பூச்சிமருந்துக் கணக்கோடு கலந்து போயிருக்கும். அந்த யோசனை எனக்கு வராமல் போனதில் இப்போது சந்தோஷம்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. கட்டு மாற்றப் போன நாளில், திரும்பி வரும் வழியில் தனியாக அந்தச் சரிவுக்குப் போனேன். மழை இல்லாததால் தடம் அப்படியே இருந்தது. பின்சக்கரத்தின் தடம் பொத்தான் பொத்தானாகப் பதிந்து வளைவோடு வந்திருந்தது. முன்சக்கரத்தின் தடத்தில் ஓரிடத்துக்குமேல் பொத்தான்கள் இல்லை, இழுத்த கோடுதான். அந்தக் கோடு வளைவுக்குள் திரும்பாமல் நேராக வெளிப்பக்கம் ஓடியது. அதன் ஓரத்தில் ஜல்லி ஒதுங்கி விரற்கடை உயரத்துக்குக் குவிந்திருந்தது. கோடு தொடங்கிய இடத்தில் நின்று கீழே பார்த்தேன். நாணல்தான் தெரிந்தது. அங்கிருந்து டிராக்டரைப் பார்த்திருக்கவே முடியாது. அதாவது, டிராக்டரைப் பார்த்துப் பயந்து பிரேக் பிடித்தேன் என்ற சமாதானத்துக்கும் இடமில்லை.

அந்தக் கோட்டைச் செருப்புக்காலால் தேய்த்து அழித்தேன். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் யாரும் இல்லை, படிக்க யாரும் வரப்போவதும் இல்லை. இருந்தும் தேய்த்தேன்.

சைக்கிள் மறுபடி ஓட்டத் தொடங்கியபோது நான் செய்தது டயர் மாற்றியது. பிறகு ஹேண்டில் பார் மாற்றினேன். பிறகு கையுறை. குற்றத்தை டிராக்டர்மேல் போட்டவனுக்கு டயர்மேல் போடுவதா கஷ்டம்? கொல்லிமலைக்கு நண்பர்களோடு ஒருமுறை போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. இறக்கத்தில் எல்லாருக்கும் கடைசியாக வந்து, இயற்கையை ரசித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னேன். ரசித்ததெல்லாம் பிரேக் தகட்டிலிருந்து வந்த கருகல் வாசனையைத்தான்.

2023 அக்டோபரில் திருவனந்தபுரத்துக்கு மேலே பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் அதில் இருந்ததால் பல நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நாகர்கோவில் போனவன் அப்படியே மலையேறிவிட்டேன். ஒரு திருப்பத்தின் வெளிப்பக்கம் மேட்டில் நின்றேன். முதலில் பார்க்கத்தான் செய்தேன். கொஞ்ச நேரத்தில் கேட்கத் தொடங்கினேன். திருப்பத்துக்கு முன்னால் பிரேக் கீச்சென்று கத்தும். திருப்பத்துக்குள் நுழையும்போது சத்தம் நின்றுவிடும். டயர் மண்ணைக் கடிக்கிற சரசரப்பு மட்டும் வரும். வெளியேறியதும் பெடல் சத்தம். ஒருவர் தவறாமல் எல்லாரும் அப்படித்தான். கத்தல் முன்னால், உள்ளே அமைதி. நான் அதற்கு நேர்மாறு. முன்னால் ஒன்றும் செய்ய மாட்டேன், உள்ளே போனபிறகுதான் பிடிப்பேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அவர்கள் யாரும் தங்கள் சக்கரத்தையோ பக்கத்துப் பாறையையோ பார்க்கவில்லை. உள்ளே நுழையும்போதே கண் திருப்பத்தின் மறுகோடிக்குப் போய்விடுகிறது. தலை திரும்பினால் தோள் திரும்புகிறது, தோளுக்குப் பின்னால் இடுப்பு. சைக்கிளை அவர்கள் திருப்புவதில்லை, அது பின்னால் வருகிறது. நான் எப்போதும் பார்ப்பது எங்கே விழுவேன் என்று பயப்படுகிறேனோ அந்த இடத்தை. சைக்கிள் கண் போன இடத்துக்குத்தான் போகும்.

ஊருக்கு வந்து நெல் காயவைக்கிற சிமென்ட் களத்தில் பழகத் தொடங்கினேன். அறுவடை இல்லாத காலத்தில் அங்கே ஆடுகள்தான் படுத்திருக்கும். கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து வைத்து எட்டுப் போட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் பாடம் சின்னதுதான். வேகத்தை முன்னாலேயே குறைத்துக்கொள். திருப்பத்தின் வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி அந்தக் காலில் உடம்பின் பாரத்தை வை. இடப்பக்கம் திரும்பினால் வலதுகால் கீழே. உள்பக்கப் பெடல் தரையில் தட்டாது, பாரமும் தாழ்ந்து நிற்கும். சைக்கிளை உனக்குக் கீழே சாய், நீ கூடவே சாயாதே. அப்போதுதான் டயரின் ஓரத்து முரட்டுப் பற்கள் மண்ணில் இறங்கும். முழங்கையை மடக்கி விரி, நெஞ்சு முன்னால் வரட்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் முட்டிக்கொண்டேன். பயந்தவன் உடம்பு பின்னால் போகும், கை விறைத்து நீளும், புட்டம் சீட்டை இறுக்கும். பாரம் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும், லேசான சக்கரம் வழுக்கும். முன்சக்கரம் வழுக்கிவிடுமோ என்று பயந்து பின்வாங்குவதாலேயே அது வழுக்குகிறது. இது தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. காற்றும் ஒரு காரணம். கருவேல முள்ளுக்குப் பயந்து டயரைக் கல்லாக அடித்து வைத்திருந்தேன். பஞ்சர் கடைத் தம்பி அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, லாரிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கீங்க" என்றான். குறைத்தேன். டயர் மண்ணில் படிந்து உட்கார்வது அன்றைக்கே தெரிந்தது.

களத்தைச் சுற்றிப் போகிற பையன்களுக்கு நான் நல்ல வேடிக்கை. அரசாங்கம் கொடுத்த விலையில்லாச் சைக்கிளில் ஒரு பையன் வந்தான், பின்னால் தங்கச்சியை வைத்துக்கொண்டு. என் கொட்டாங்குச்சி வரிசைக்குள் புகுந்து எட்டுப் போட்டுவிட்டு வெளியே போனான். வெளிக்கால் கீழே, கண் அடுத்த கொட்டாங்குச்சியில், பிரேக்கில் விரலே இல்லை. யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. பிரேக் கட்டை தேய்ந்துபோன சைக்கிள் சொல்லித்தந்திருக்கும்.

களம் பழகியபின் ஓரத்தில் இருந்த உதிரி மண்ணுக்கு வந்தேன். இடப்பக்கம் திரும்பும்போது விழுந்தேன். டிராக்டர் இல்லை, நாணல் இல்லை, பையன்கள்கூட அன்றைக்கு இல்லை. இரண்டு ஆடுகள் மட்டும். முன்சக்கரம் அதே மாதிரி நேராக இழுத்துக்கொண்டு போனது, அதே முழங்கை தரையில் பட்டது, அதே வலக்கை பிரேக்கை இறுக்கியிருந்தது. நம் ஊர் சைக்கிள்களில் முன் பிரேக் வலக்கையில் இருக்கிறது. எனக்கு எல்லாமே வலக்கை. பயம் வந்ததும் முதலில் மூடுவது அந்தக் கைதான். எழுந்து திரும்பிப் பார்த்தேன். மண்ணில் கோடு இருந்தது. ஓரத்தில் மண் ஒதுங்கியிருந்தது. ஆற்றங்கரையில் நான் தேய்த்து அழித்த அதே கோடு.

அன்றைக்கு ராத்திரி கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 18 கி.மீ. என்றால் நொடிக்கு 5 மீட்டர். 5 மீட்டர் ஆரமுள்ள வளைவை அந்த வேகத்தில் எடுக்க, வண்டியும் ஆளுமாக 27 டிகிரி சாய வேண்டும். டயர்கள் பக்கவாட்டில் தாங்க வேண்டிய விசை மொத்த எடையில் பாதி. அதே வளைவுக்கு 12 கி.மீ. வேகத்தில் வந்தால் 13 டிகிரி போதும், எடையில் கால்பங்குகூட வேண்டாம். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் கணக்கு இது. காய்ந்த தார்ரோட்டில் பாதி எடை என்பது ஒன்றுமில்லை. உருளுகிற ஜல்லிமேல் அதுவே விளிம்பு. அந்த விளிம்பில் பிரேக்கையும் பிடித்தால்? டயருக்கு இருக்கிற பிடிப்பு, நான் ஓர் ஆளுக்கு வைத்திருக்கும் கடன் வரம்பு மாதிரி. யூரியாவுக்கு எடுத்தாலும் மருந்துக்கு எடுத்தாலும் ஒரே வரம்புதான். டயர் விஷயத்தில் நேராகக் கழிப்பதில்லை, திசை வேறு என்பதால் பிரேக்குக்கு நூற்றில் 60 போனால் திரும்புவதற்கு 80 மிச்சம் இருக்கும். ஆனால் சக்கரம் முழுக்கப் பூட்டிக்கொண்டால் திரும்புவதற்கு மிச்சம் பூஜ்யம். ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நேராகத்தான் வழுக்கும். டிராக்டர் எந்த இடத்தில் நின்றாலும் இந்தக் கணக்கில் அதற்கு வேலை இல்லை.

எனக்குச் சாதகமான சாட்சி ஒருவர் உண்டு. விமானம் செய்த வில்பர் ரைட். தம்பி ஆர்வில்லோடு டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இடப்பக்கம் திரும்ப என்ன செய்வீர்கள் என்று சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் அவர் கேட்டுப் பார்த்தாராம். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புவோம் என்றுதான் சொன்னார்களாம். உண்மையில் எல்லாருமே முதலில் ஒரு கணம் வலப்பக்கம் திருப்புகிறார்கள், வண்டி இடப்பக்கம் சாய்கிறது, அதற்குப் பிறகுதான் ஹேண்டில் இடப்பக்கம் போகிறது. தன் கை என்ன செய்கிறது என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. இதைப் படித்ததும் எனக்கு ஆசுவாசமாக இருந்தது. என் கை பிரேக் பிடித்தது எனக்குத் தெரியாமல் போனது இயற்கைதானே? நல்ல வாதம். என் கை செய்ததற்கு அது பொருந்தும். வாய் செய்ததற்கும் செருப்பு செய்ததற்கும் பொருந்தாது.

அந்த வருஷச் சம்பாவுக்கு டிராக்டர் டிரைவர் உரம் வாங்க வந்தார். உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். கடையில் கூட்டம். போகட்டும் என்று விட்டேன். அடுத்த முறையும் அப்படியே. பிறகு ஒருநாள் டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு டீக்கடையில் தனியாக நின்றிருந்தார். போய் நின்றேன்.

"அண்ணே, அன்னைக்கு உங்க மேல தப்பு இல்லண்ணே. நானாத்தான் விழுந்தேன்."

அவர் கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "எனக்குத் தெரியும் தம்பி. நீங்க மேல வர்றப்பவே நான் நிறுத்திட்டேன். கரைமேல உங்க தல தெரிஞ்சிச்சி."

"அப்ப ஏண்ணே ஒண்ணும் சொல்லல?"

"சொன்னனே. ஒருதரம் சொன்னேன்." டீயைக் குடித்து முடித்துவிட்டு, "மேலுரம் போடுற நேரம். யூரியா வேணும்ல" என்றார்.

3,200 ரூபாயைக் கணக்கில் கழித்துக்கொள்கிறேன் என்றேன். கணக்கில் வேண்டாம், கையில் கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுத்தேன். எண்ணிப் பார்த்து மடித்து மேல்பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அவருடைய துண்டு என் ரத்தத்தில் வீணாய்ப்போனது நினைவுக்கு வந்தது, அதைப்பற்றி நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கிளம்பும்போது, "வெளில யார்கிட்டயும் சொல்ல வேணாம்ணே" என்று கேட்டுக்கொண்டேன். அதுவும் வாயில் வந்துவிட்டது.

"சொன்னா மட்டும் யாரு நம்பப் போறா தம்பி" என்றார்.

இன்னமும் களத்துக்குப் போகிறேன். வலப்பக்கம் நன்றாகவே திரும்புகிறேன், பார்க்கிறவர்கள் பாராட்டும் அளவுக்கு. இடப்பக்கம் முன்னைவிடத் தேவலை. வேகத்தை முன்னாலேயே குறைத்துக்கொள்கிறேன், வலதுகாலைக் கீழே இறக்குகிறேன், கண்ணை மறுகோடிக்கு அனுப்புகிறேன். எல்லாம் செய்தும், நடுத்திருப்பத்தில் வலக்கை ஆள்காட்டி விரல் தானாக நெம்புகோலுக்குப் போகிறது. அழுத்துவதில்லை, தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆற்றங்கரைச் சரிவில் இறங்குவதை மட்டும் இன்னும் தவிர்க்கிறேன். சுற்றிக்கொண்டு போகிறேன். கேட்டால் அங்கே முள் அதிகம் என்கிறேன்.

போன சம்பாவுக்கு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. அவர் பேரில் பாக்கி எதுவும் இல்லை, வர வேண்டிய கட்டாயமும் இல்லை. மச்சான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவன் கேட்டான்: "என்ன மாமா, அந்த டிராக்டர்காரன் இந்தப் பக்கமே காணோம்?"

"வேற கடைல வாங்கறாராம்" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.